பட்டியல் தளத்தில் இருந்தது, மூதூருக்குத் தெரியவில்லை: திருகோணமலை நிறுவனமொன்றின் உள்ளகத் தளம் பற்றிய நிகழ்வு ஆய்வு

பின்னணி

திருகோணமலை நகரில் தலைமை அலுவலகமும் மூதூரிலும் கிண்ணியாவிலும் கள அலுவலகங்களும் கொண்ட ஓர் அரசுசாரா நிறுவனத்தில் நடந்த நிகழ்வு இது. குடிநீர், வாழ்வாதாரம், அனர்த்த நிவாரணம் ஆகியன அதன் முதன்மைப் பணிகள். வெருகல் பிரதேசத்தையும் மூதூர் அலுவலகமே கவனித்துக்கொள்கிறது. தமிழ், முஸ்லிம், சிங்கள உத்தியோகத்தர்கள் சேர்ந்து வேலை செய்வதால் ஆவணங்கள் தமிழ், சிங்களம், ஆங்கிலம் என மூன்று மொழிகளில் உருவாகின்றன. நிறுவனத்தின் பெயரையும் ஆட்களின் பெயர்களையும் தவிர்த்திருக்கிறேன். நிகழ்வை ஆராய்ந்த உட்குழுவில் ஆவண முகாமைத்துவத்தின் சார்பில் நான் இருந்தேன்.

2020 மார்ச்சில் நாடு முழுவதும் ஊரடங்கு அறிவிக்கப்பட்டதும் எல்லோரும் வீட்டிலிருந்து வேலை செய்ய வேண்டியதாயிற்று. கோப்புகளை இணையவழியில் சேமித்துப் பகிர்ந்துகொள்ள உதவும் மைக்ரோசொஃப்ட் நிறுவனத்தின் ஷெயார்பொயிண்ட் அவசரமாகத் தெரிவுசெய்யப்பட்டது. ஒப்பந்த அடிப்படையில் வந்த ஓர் இளைஞர் சில வாரங்களில் உள்ளகத் தளத்தை நிறுவிக் கொடுத்தார். நிர்வாகம், நிதி, கொள்வனவு, திட்டங்கள் என்று அலுவலகத்தின் பிரிவுகள் எப்படி இருந்தனவோ அப்படியே தளத்திலும் பகுதிகள் உருவாயின. ஒப்பந்தம் முடிந்து அவர் போனார். அவருடைய இடத்துக்கு யாரும் நியமிக்கப்படவில்லை. கணினி பழுதானால் பார்க்கிற உத்தியோகத்தரே தளத்தையும் பார்த்துக்கொள்வார் என்று எல்லோரும் எண்ணிக்கொண்டார்கள். அவரிடம் அப்படி யாரும் சொல்லவில்லை.

2022இல் நெருக்கடி உச்சத்தில் இருந்தபோது நாளொன்றுக்கு 13 மணித்தியாலம் வரை மின்வெட்டு இருந்தது. மின்சாரம் இல்லாத வேளையில் மடிக்கணினியில் சேமித்த பிரதியில் வேலை செய்துவிட்டு, இணைப்பு வந்ததும் தளத்துடன் ஒத்திசைக்கும் வழக்கம் அப்போது பிறந்தது. ஒரே கோப்பை இருவர் தனித்தனியே திருத்தியிருந்தால் ஒத்திசைவின்போது இரண்டு பிரதிகள் உண்டாகும். இரண்டாவதன் பெயருக்குப் பின்னால் கணினியின் பெயர் ஒட்டிக்கொண்டிருக்கும். ஓராண்டுக்குள் முக்கியமான கோப்புறைகளில் இத்தகைய இரட்டைகள் நிறைந்தன. எது சரியான பிரதி என்று தெரியாத உத்தியோகத்தர்கள், தெரிந்தவரிடம் வட்ஸ்அப்பில் கேட்டு வாங்கத் தொடங்கினார்கள். மெதுவாகத் தளம் கோப்புகளைக் கொண்டுபோய்ப் போடுகிற இடமாகவும், வட்ஸ்அப் எடுக்கிற இடமாகவும் ஆகிவிட்டன.

2024 நவம்பர்

உயர்தரப் பரீட்சையே இடைநடுவில் நிறுத்தப்பட்ட அந்த நவம்பர் இறுதி வாரத்தில் கிழக்கு மாகாணம் முழுவதும் பெருமழை. மகாவலி கொட்டியாரக் குடாவில் கலக்கிற பகுதியும் அதன் கிளையான வெருகல் ஆற்றின் இரு கரைகளும் தாழ்ந்த நிலம். மழை அங்கே பெய்யாவிட்டாலும் மலைநாட்டுத் தண்ணீர் வந்து சேரும். வீடுகளை விட்டு வெளியேறிய குடும்பங்களுக்கு உலர் உணவுப் பொதி வழங்க நிறுவனம் அன்றே முடிவு செய்தது.

எந்தக் குடும்பங்களுக்கு முன்னுரிமை என்பதற்கு ஒரு பட்டியல் இருந்தது. ஒக்டோபரில் கிராம உத்தியோகத்தர்களுடன் இருந்து சரிபார்த்து, புதிதாகக் குடியேறிய குடும்பங்களையும் சேர்த்து, தலைமை அலுவலகத்தின் திட்ட உதவியாளர் அதைத் தளத்தில் ஏற்றியிருந்தார். மூதூரில் பொறுப்பாக இருந்த மூத்த கள உத்தியோகத்தர் அன்றிரவு தளத்தில் தேடினார். எதுவும் கிடைக்கவில்லை. தலைமை அலுவலகத்துக்கு எடுத்த அழைப்புகளும் போய்ச்சேரவில்லை. வட்ஸ்அப் குழுவில் பழைய பட்டியல் ஒன்று இருந்தது. ஒக்டோபர் சரிபார்ப்புக்கு முந்தையது. காலையில் அதை அச்சிட்டு எடுத்துக்கொண்டு புறப்பட்டார்.

வெருகல் பிரதேசத்தின் ஒரு கிராமத்தில், புதிதாகச் சேர்க்கப்பட்ட குடும்பங்களின் பெயர்கள் அந்தப் பழைய பட்டியலில் இல்லை. கைக்குழந்தைகளுடன் வரிசையில் நின்றவர்கள் வெறுங்கையுடன் திரும்பினார்கள். வேறு சில குடும்பங்களுக்கு இரண்டு முறை கிடைத்தது. ஊரவர்கள் பாடசாலையில் சமைத்துக் கொடுத்த உணவு இருந்தபடியால் பட்டினி நேரவில்லை. விடுபட்டவர்களுக்குச் சில நாட்களில் பொதிகள் போய்ச்சேர்ந்தன. ஆனால் வரிசையில் நின்று திரும்பிய ஒரு தாய் கிராம உத்தியோகத்தரிடம் கேட்ட கேள்வி நிறுவனத்தின் அறிக்கையிலும் பதிவாகியிருக்கிறது: “போன மாதம் வந்து பெயர் எழுதிக்கொண்டு போனது யாருக்கு?”

முதல் எதிர்வினை

தளத்தில் உள்ளதே அதிகாரபூர்வமான பிரதி என்று ஏற்கெனவே ஒரு சுற்றறிக்கை இருந்தது. ஆகவே அதை மீறிய கள உத்தியோகத்தரிடம் விளக்கம் கேட்க வேண்டும் என்பதே நிர்வாகத்தின் முதல் எண்ணம். உட்குழு அதற்கு உடன்படவில்லை. விளக்கக் கடிதம் வாங்கியிருந்தால் கோப்பு மூடப்பட்டிருக்கும், காரணம் அப்படியே இருந்திருக்கும். அதற்குப் பதிலாக மூதூருக்குப் போய், அவருடைய மடிக்கணினியில், அவருடைய கணக்கில், அன்றிரவு அவர் தேடிய அதே சொற்களைத் தட்டிப் பார்க்கச் சொன்னோம். இந்த ஆய்வில் எடுத்த முடிவுகளில் மிகவும் பயன் தந்தது இதுதான் என்று நினைக்கிறேன்.

“தம்பி, நான் தேடாமல் விட்டேன் என்று நினைத்துவிடாதீர்கள்” என்றார் அவர், குழுவில் இளையவரான கணினி உத்தியோகத்தரிடம்.

“இல்லை ஐயா. தேடியும் ஏன் வரவில்லை என்று பார்க்கத்தான் வந்திருக்கிறோம்.”

தேடினார். வெறும் பக்கம் வந்தது.

கண்டறிந்தவை

முதற் காரணம் அணுகல் அனுமதி. ஷெயார்பொயிண்டில் ஒரு தளத்துக்கு வழங்கும் அனுமதி அதன் நூலகங்களுக்கும் கோப்புறைகளுக்கும் கோப்புகளுக்கும் வழிவழியாக இறங்கும். இடையில் ஒரு கோப்புறைக்கு மட்டும் தனி அனுமதி கொடுத்தால் அந்த இடத்தில் தொடர்ச்சி அறுந்துவிடும். அதற்குக் கீழே வருகிற எல்லாம் அந்தத் தனி அனுமதியின்படியே நடக்கும். பட்டியல் இருந்த கோப்புறையில் முன்னொரு காலத்தில் ஊழியர் கொடுப்பனவு விவரங்கள் வைக்கப்பட்டிருந்தன. அவற்றைக் காப்பதற்காக நிதிப்பிரிவு அந்தக் கோப்புறையைத் தலைமை அலுவலகத்துக்கு மட்டுமாகக் கட்டுப்படுத்தியது. கொடுப்பனவு விவரங்கள் பின்னர் வேறிடத்துக்குப் போயின. கட்டுப்பாடு மட்டும் நீக்கப்படவில்லை. திட்ட உதவியாளரின் கணக்கில் எல்லாம் திறந்ததால் மூதூருக்கும் திறக்கும் என்று அவர் நம்பினார். அவர் நம்பியதில் தவறில்லை.

இங்கே வாசிப்பவர்கள் கவனிக்க வேண்டிய நுணுக்கம் ஒன்று இருக்கிறது. அனுமதி இல்லாத கோப்பை நேரடி இணைப்பில் திறக்கப் போனால் அனுமதி இல்லை என்ற அறிவித்தல் வரும். தேடலில் அப்படி வராது. தேடுபவருக்கு உரிமை இல்லாதவற்றைத் தேடல் முடிவிலிருந்தே தளம் நீக்கிவிடும். இரகசியம் காக்க அது சரியான ஏற்பாடுதான். ஆனால் தேடுபவரின் பக்கத்திலிருந்து பார்த்தால், இல்லாத கோப்புக்கும் அனுமதியில்லாத கோப்புக்கும் வேறுபாடு தெரியாது. அனுமதி இல்லை என்று தெரிந்திருந்தால் அவர் கேட்டிருப்பார். ஒன்றுமே வராததால், அப்படி ஒரு பட்டியல் இல்லை என்று எடுத்துக்கொண்டார்.

இரண்டாவது காரணம் எழுத்துரு. கோப்புறையை அவருக்குத் திறந்துவிட்ட பின்னும் தமிழில் தேடினால் பட்டியல் வரவில்லை. கோப்பின் பெயர் ஆங்கிலச் சுருக்கம்; உள்ளே இருந்தது பாமினி. பாமினி எழுத்துருவில் தட்டியது கண்ணுக்குத் தமிழாகத் தெரிந்தாலும் கணினியின் நினைவகத்தில் ஆங்கில எழுத்துகளாகவும் குறியீடுகளாகவுமே இருக்கிறது. இன்று எல்லாக் கணினிகளும் பொதுவாக ஏற்கிற யூனிகோட் குறியீட்டில் தமிழைத் தட்டித் தேடுகிறவருக்கு அது அகப்படாது. இலங்கையின் தமிழ் அலுவலகங்களில் பல ஆண்டுகளாகத் தட்டச்சுச் செய்தவர்களின் கை பாமினியில் பழகியது. அவர்களிடம் குறை காண எதுவுமில்லை. சிங்களத்திலும் பழைய எழுத்துருக்களால் இதே சிக்கல் இருந்தது. ஒளிவருடி எடுத்த பிரதேச செயலகக் கடிதங்களோ வெறும் படங்கள். ஆக, தேடல் வசதிக்குப் பெயர்பெற்ற ஒரு தளத்தில் களத்துக்கு வேண்டிய ஆவணங்களில் பெரும்பகுதி தேடலுக்கு எட்டாமல் கிடந்தது.

ஊர்ப் பெயர்களும் சேர்ந்துகொண்டன. ஒரே பிரதேசம் ஒரு ஆவணத்தில் வெருகல், இன்னொன்றில் ஈச்சிலம்பற்று. தம்பலகாமம் ஓரிடத்தில், தம்பலகமம் வேறோரிடத்தில்.

மூன்றாவது, சில குடும்பங்களுக்குப் பொதி இரண்டு முறை கிடைத்தது. இது பட்டியலின் உள்ளேயே இருந்த கோளாறு. பழைய தேசிய அடையாள அட்டையில் ஒன்பது இலக்கங்களும் இறுதியில் ஓர் எழுத்தும் உண்டு. புதிய அட்டையில் 12 இலக்கங்கள். ஒரே பெண்ணின் பழைய எண்ணும் புதிய எண்ணும் இரு வரிசைகளில் பதிவாகி, அவர் இரண்டு குடும்பத் தலைவிகளாகத் தோன்றினார். அத்துடன் எக்ஸெலில் அந்தக் கட்டம் எழுத்து வடிவத்தில் இல்லாததால் 12 இலக்க எண்கள் அடுக்குக்குறி வடிவத்தில் சுருங்கித் தெரிந்தன. அச்சுப் பிரதியை வைத்து ஆளை உறுதிப்படுத்தும் வழியே இல்லாமற்போனது.

இவை எல்லாவற்றுக்கும் அடியில் இருந்தது ஒன்றுதான். தளத்தின் பொறுப்பாளர்கள் யார் என்று அமைப்புப் பக்கத்தைத் திறந்து பார்த்தோம். அந்த ஒப்பந்த இளைஞரின் பெயர் இருந்தது. விலகிப்போன ஒரு பணிப்பாளரின் பெயர் இருந்தது. வேலையில் இருக்கிற எவருடைய பெயரும் இல்லை. நான்கு ஆண்டுகளாக அந்தத் தளத்தில் கோப்புகள் சேர்ந்தன, அனுமதிகள் மாறின, இரட்டைகள் பெருகின. இது சரிதானா என்று கேட்கும் கடமை ஒருவருக்கும் இருக்கவில்லை.

முடிவுகளும் காரணங்களும்

புதிய மென்பொருள் வாங்கலாம் என்ற யோசனை முதற் கூட்டத்திலேயே வந்தது. ஏற்கவில்லை. பொறுப்பாளர் இல்லாத நிலையையும் பாமினிக் கோப்புகளையும் அப்படியே புதிய மென்பொருளுக்குள் ஏற்றுவதால் எதுவும் மாறாது. இருக்கிற தளத்தில் பதிப்பு வரலாறு, விவரங்களைக் கட்டம் கட்டமாகப் பதிகிற பட்டியல் வசதி, நீக்கிய கோப்பை 93 நாட்களுக்குள் மீட்கும் வசதி எல்லாம் ஏற்கெனவே இருந்தன. எவருக்கும் அவை சொல்லிக்கொடுக்கப்படவில்லை.

ஒவ்வொரு பகுதிக்கும் இரண்டு பொறுப்பாளர்கள் என்பது முதல் விதி. ஒருவர் தலைமை அலுவலகத்திலிருந்து, மற்றவர் களத்திலிருந்து. இருவரும் ஒரே கட்டடத்தில் இருந்தால் இருவருக்கும் எல்லாம் திறக்கும். களத்தில் திறக்காதது தெரியவே வராது. பொறுப்பு அவர்களுடைய பணி விவரணத்தில் எழுத்தில் சேர்க்கப்பட்டது. பணியிலிருந்து விலகுபவர் பொறுப்பை மற்றவரிடம் ஒப்படைத்த பின்னரே விடுவிப்புக் கடிதம் கிடைக்கும். இந்த விதி கடுமையானது என்று சிலர் சொன்னார்கள். மடிக்கணினியைத் திருப்பிக் கொடுக்காமல் ஒருவரை விடுவிக்காத நிறுவனம், மக்களின் பெயர்ப்பட்டியலுக்கு அதைவிடக் குறைந்த கவனம் கொடுக்கலாகாது.

அனுமதி விடயத்தில்தான் அதிக விவாதம் நடந்தது. கோப்புறை மட்டத்தில் தனி அனுமதி கொடுப்பதை முற்றாக நிறுத்துவது என்பது குழுவின் பரிந்துரை. இரகசியமானவை தனி நூலகத்துக்குப் போகட்டும், மற்றவை எல்லாப் பணியாளர்களுக்கும் திறந்திருக்கட்டும். கணக்காளர் எதிர்த்தார். “எல்லாவற்றையும் திறந்துவிட்டு நாளைக்குக் கணக்காய்வில் கேள்வி வந்தால் பதில் சொல்வது நான்தானே, மிஸ்” என்று திட்ட முகாமையாளரிடம் சொன்னார். அவருடைய அச்சம் நியாயமானது. 2022ஆம் ஆண்டின் 9ஆம் இலக்கத் தனிப்பட்ட தரவுப் பாதுகாப்புச் சட்டமும் வந்துவிட்ட பிறகு, அடையாள அட்டை எண்களை எல்லோர் கண்ணுக்கும் வைக்கவும் முடியாது. ஆகவே இடைவழி ஒன்று கண்டோம். நிதிக்கும் ஆளணிக்கும் தனித்தனி நூலகங்கள். பயனாளிகள் பட்டியல் களப்பணிக் குழு முழுவதற்கும் திறந்தது, மற்றவர்களுக்கு மூடியது. வட்ஸ்அப்பில் தடையின்றிச் சுற்றிய அதே எண்கள் தளத்தில் பூட்டிக் கிடந்த முரண்பாட்டைக் காட்டியபோதுதான் கணக்காளர் சம்மதித்தார்.

பட்டியலே எக்ஸெல் கோப்பிலிருந்து தளத்தின் பட்டியல் வசதிக்கு மாற்றப்பட்டது. அடையாள எண் எழுத்து வடிவக் கட்டமாயிற்று. பழைய எண்ணைப் புதிய வடிவத்துக்கு மாற்றுவது எளிது: முன்னால் 19 சேர்த்து, பழைய எண்ணின் ஐந்தாம் இலக்கத்துக்குப் பின் ஒரு சுழியம் இட்டு, இறுதி எழுத்தை விட்டுவிட வேண்டும். எல்லாம் ஒரே வடிவத்துக்கு வந்ததும் இரட்டைப் பதிவுகள் தாமாகவே வெளிப்பட்டன. பிரதேசத்தின் பெயரைத் தட்டுவதற்குப் பதில் தெரிவுசெய்ய வேண்டும்; மாவட்டத்தின் 11 பிரதேச செயலகப் பிரிவுகளும் தெரிவுகளாக வைக்கப்பட்டன. பதிவுகள் 5000ஐத் தாண்டும்போது தளம் சில காட்சிகளைத் திறக்க மறுக்கும் என்பதால் பிரதேசக் கட்டத்துக்கு, பதிவுகளை விரைவாகப் பிரித்தெடுக்க உதவும் சுட்டி தொடக்கத்திலேயே இடப்பட்டது.

பாமினியை ஒரே நாளில் ஒழிப்பது என்ற யோசனையை நான் எதிர்த்தேன். பழைய கோப்புகள் ஆயிரக்கணக்கில். பெரும்பாலானவற்றை இனி யாரும் திறக்கப்போவதில்லை. நடைமுறையில் இருப்பவை மட்டும் மாற்றப்பட்டன. மற்றவற்றின் தலைப்பு மாத்திரம் யூனிகோடில் எழுதப்பட்டது; தேடலுக்கு அகப்பட அதுவே போதும். தட்டச்சில் கை பழகிய மூத்த எழுதுவினைஞர்களுக்குப் பாமினி விசைப்பலகை அமைப்பிலேயே தட்டி யூனிகோட் எழுத்தைப் பெறுகிற மென்பொருள் நிறுவப்பட்டது. விரல்கள் பழைய வழக்கத்திலேயே ஓடின. எதிர்ப்பு எதுவும் வரவில்லை.

வட்ஸ்அப்பைத் தடை செய்யவில்லை. கள உத்தியோகத்தர் வயல் வரம்பில் நின்றுகொண்டு கேட்கிற கேள்விக்கு அதைவிட விரைவாகப் பதில் சொல்லும் வழி இல்லை. கோப்பை அனுப்பாமல் தளத்தின் இணைப்பை மட்டும் அனுப்ப வேண்டும் என்பதே விதி. இணைப்பு எப்போதும் இன்றைய பதிப்பைத் திறக்கும். அனுமதி இல்லாதவருக்கு அது திறக்காமற்போவதும் உடனே தெரிந்துவிடும்.

மழைக்காலத்துக்கென்று இன்னொரு முடிவு இருந்தது. ஒக்டோபர் மாத இறுதியில் பட்டியலின் அன்றைய பதிப்பை அச்சிட்டு, ஒவ்வொரு பக்கத்திலும் திகதி இட்டு, கள அலுவலகங்களில் நீர்புகாத உறையில் வைக்க வேண்டும். உள்ளகத் தளத்தைப் பற்றிய ஆய்வில் காகிதத்துக்கு என்ன இடம் என்று கூட்டத்தில் கேட்டார்கள். மின்சாரமும் இணைப்பும் முதலில் அறுந்துபோகிற மாவட்டத்தில் இந்தக் கேள்விக்கு விடை தேட வேண்டியதில்லை.

பின்னர் நடந்தவை

2025இன் முதல் மாதங்கள் மெதுவாக நகர்ந்தன. மூதூர் அலுவலகம் விரைவாகப் பழகிக்கொண்டது. பாதிக்கப்பட்டவர்கள் அவர்கள் என்பதால் அக்கறையும் அங்கேதான் இருந்தது. மூத்த கள உத்தியோகத்தரே களப் பொறுப்பாளரானார். மாதம் ஒருமுறை புதிதாக வந்த ஓர் உத்தியோகத்தரின் கணக்கிலிருந்து முக்கிய ஆவணங்களைத் தேடிப் பார்ப்பது அவர் தொடங்கிய வழக்கம். எவரும் அவரிடம் கேட்கவில்லை. இப்போது எல்லாப் பகுதிகளிலும் அது நடைமுறையாகிவிட்டது.

கொள்வனவுப் பிரிவில் இரு பொறுப்பாளர்களும் சில மாத இடைவெளியில் விலகினார்கள். ஒருவர் வெளிநாடு போனார். இரண்டாமவர் விலகும்போது ஒப்படைப்பதற்கு முதலாமவரின் இடம் வெறுமையாக இருந்தது. விதியை எழுதியபோது இதற்கு வழி வைக்கப்படவில்லை. சிங்களப் பணியாளர்களுக்கான பக்கங்களும் பின்தங்கின. மொழிபெயர்ப்பு என்பது எவரும் தம் வேலையாக எண்ணாத வேலையாகவே இருந்தது.

2025 நவம்பர் இறுதியில் டித்வா புயல் வந்தது. வெள்ளம் முந்தைய ஆண்டைவிடப் பன்மடங்கு பெரியது. தொலைபேசிக் கோபுரங்கள் செயலிழந்து மூதூரிலிருந்து தளத்தைத் திறக்கவே முடியாமற்போனது. உறையிலிருந்த அச்சுப் பிரதியை எடுத்துக்கொண்டு குழு புறப்பட்டது. திகதி இட்ட பிரதி என்பதால் எந்தப் பதிப்பு என்ற குழப்பம் எழவில்லை. முந்தைய ஆண்டு திரும்பிப்போன குடும்பங்களின் பெயர்கள் அதில் இருந்தன. இரட்டைப் பதிவுகளும் இல்லை.

ஆனால் வேறு ஊர்களிலிருந்து வந்து தங்கிய குடும்பங்கள் எந்தப் பட்டியலிலும் இல்லை. அவர்களைக் கொப்பிகளில் எழுதினார்கள், ஒவ்வோர் உத்தியோகத்தரும் தத்தம் முறையில். இணைப்பு திரும்பிய பின் அவற்றைத் தளத்தில் பதிய நீண்ட நாட்கள் எடுத்தன. சிலருடைய அடையாள எண் எழுதப்படவே இல்லை. ஒரே முகாமின் விவரத்தை இருவர் பதிந்த இடங்களும் உண்டு. பதிப்பு வரலாறு இருந்ததால் யார், எப்போது, எதை மாற்றினார் என்று பார்த்துச் சீராக்க முடிந்தது. 2022இன் இரட்டைகளை அப்படிச் சீராக்க எவராலும் முடியவில்லை.

மாற்ற வேண்டியவை

அடுத்த ஒக்டோபருக்கு முன் அச்சிட்ட வெற்றுப் பதிவுத்தாள் வேண்டும். தளத்தின் கட்டங்கள் எந்த வரிசையில் உள்ளனவோ அதே வரிசையில் தாளிலும் இருக்க வேண்டும். தாளிலிருந்து தளத்துக்குப் பதிபவர் ஊகிக்க வேண்டிய தேவை வரக்கூடாது. ஒவ்வொரு தாளுக்கும் முன்கூட்டியே தொடரிலக்கம் இட்டால் ஒரே தாளை இருவர் பதிவது நின்றுவிடும். இதற்கான மாதிரியை மூதூர் அலுவலகம் வரைந்திருக்கிறது. கிண்ணியாவின் கருத்து வர வேண்டியிருக்கிறது.

பொறுப்பாளர் இருவர் என்ற விதி, ஒருவர் விலகியதும் குறித்த காலத்துக்குள் பணிப்பாளர் அடுத்தவரை நியமிக்க வேண்டும் என்று திருத்தப்படுகிறது. நியமிக்காவிட்டால் அந்தப் பகுதியின் பொறுப்பு பணிப்பாளரின் பெயருக்கே மாறும். மேலிடத்தின் பெயர் அமைப்புப் பக்கத்தில் தெரிந்தால்தான் நியமனம் தாமதமாகாது என்பது என் உறுதியான கருத்து. பணிப்பாளர் இதை ஏற்றுக் கையொப்பமிட்டிருக்கிறார்.

சிங்களப் பக்கங்களுக்கு ஒரு பகுதிநேர மொழிபெயர்ப்பாளரை எடுக்க நிதி கேட்கப்பட்டிருக்கிறது. அது கிடைக்கும்வரை அனர்த்தகாலத்துக்குத் தேவையான ஆவணங்களை மட்டும் தமிழிலும் சிங்களத்திலும் வைப்பதென்று முடிவாகியுள்ளது: பட்டியல், தொடர்பு விவரங்கள், பொதி வழங்கும் ஒழுங்கு.